துவைத்த தண்ணீர் போகும் வழி

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த முறை இடம். பலரும் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டிருக்கிறார்கள்: துணியிலிருந்து உதிர்ந்து தண்ணீரில் கலக்கும் நுண்ணிழை.

கேள்வி: துவைக்கிற தண்ணீரில் பிளாஸ்டிக் இருக்கிறதாம். நாங்கள் துணியைத்தானே துவைக்கிறோம், பிளாஸ்டிக் பையையா துவைக்கிறோம்?
— இல்லத்தரசி, உறுவையாறு

பாலியஸ்டர் துணியே ஒரு பிளாஸ்டிக்தான் அம்மா. தண்ணீர் பாட்டில் செய்கிற அதே பொருளை உருக்கி இழையாக இழுத்தால் பாலியஸ்டர் நூல். பூனம் சேலை, நைட்டி, லெக்கிங்ஸ், பிள்ளைகளின் சீருடை என்று நம் கொடியில் காய்வதில் பலவும் அந்த நூல் கலந்தவை. துவைக்கும்போது துணியோடு துணி உரசி, நூலின் நுனிகள் ஒடிந்து உதிர்கின்றன. நீளம் 5 மில்லிமீட்டருக்கும் கீழே, தடிமன் தலைமுடியைவிடக் குறைவு. வாளியைச் சாய்க்கும்போது நம் கண்ணுக்கு நுரைதான் தெரியும்.

கேள்வி: அப்படி எத்தனை உதிர்ந்துவிடப் போகிறது?
— கல்லூரி மாணவர், அரும்பார்த்தபுரம்

எண்ணியே பார்த்துவிட்டார்கள். ஒரே ஒரு உடுப்பு ஒரு சலவையில் 1,900-க்கும் மேற்பட்ட இழைகளை உதிர்க்கும் என்று 2011-ல் மார்க் பிரவுன் குழு காட்டியது. 2016-ல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் 6 கிலோ துணிக்குக் கணக்குப் போட்டார்கள். அக்ரிலிக் என்றால் 7 லட்சத்துக்கும் மேல், பாலியஸ்டர் என்றால் 5 லட்சத்தை ஒட்டி, பாலியஸ்டரும் பருத்தியும் கலந்தது என்றால் சுமார் 1.38 லட்சம். புதுத் துணிதான் அதிகம் உதிர்க்கும். தீபாவளிக்கு எடுத்ததை முதல் நான்கைந்து முறை துவைக்கும் தண்ணீரில் கூடுதல் கவனம் வையுங்கள்.

கேள்வி: வாஷிங் மெஷின் வந்து எங்கள் பிழைப்பைக் கெடுத்தது. தண்ணீரைக் கெடுப்பதில் முதலிடம் அதற்கா, எங்களுக்கா?
— சலவைத் தொழிலாளி, பாகூர்

மெஷினுக்குத்தான் ஐயா. சீன ஆய்வாளர்கள் 2023-ல் இரண்டையும் ஒப்பிட்டார்கள். முழுப் பாலியஸ்டர் துணியைக் கையால் துவைத்தபோது சராசரியாக 1,853 இழைகள், மெஷினில் போட்டபோது 23,723. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பலகையில் தேய்த்தால் கைச் சலவையிலும் எண்ணிக்கை ஏறுகிறது, ஆனாலும் மெஷினை எட்டவில்லை.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். மெஷின் தண்ணீர் வாய்க்கால் வழியாகச் சுற்றிக்கொண்டு குளத்துக்குப் போகிறது. படித்துறையில் துவைக்கும் தண்ணீர் அந்த நிமிடமே குளத்தில் இருக்கிறது. கரையிலிருந்து தள்ளி ஒரு சலவைத் தொட்டியும், அதன் வடிநீருக்கு ஒரு மணல் வடிகட்டியும் கட்டித் தரச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. செலவு பெரிதல்ல.

கேள்வி: டாப் லோடா, ஃப்ரண்ட் லோடா?
— புதுமணப்பெண், கூடப்பாக்கம்

இழைக் கணக்கில் ஃப்ரண்ட் லோடு. 2016-ல் அமெரிக்காவில் ஜாக்கெட்டுகளைத் துவைத்துப் பார்த்ததில் டாப் லோடு சுமார் ஏழு மடங்கு அதிகம் உதிர்த்தது. ஏற்கெனவே டாப் லோடு வாங்கிவிட்டீர்கள் என்றால் மாற்ற வேண்டாம். மெஷின் நிறையத் துணி போட்டு, வெந்நீர் இல்லாமல், குறைந்த நேரத்தில் துவையுங்கள். கொஞ்சம் துணிக்கு நிறையத் தண்ணீர் விடுவதுதான் மோசம். 40 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் ஓடும் சலவையை 25 டிகிரியில் அரை மணி நேரமாக்கினால் உதிர்வு சுமார் 30 சதவீதம் குறைகிறது என்று பிரிட்டனில் 2020-ல் கண்டார்கள்.

கேள்வி: எங்கள் மெஷினிலேயே வலைப் பை இருக்கிறது. அது போதாதா?
— ஆசிரியை, கிருமாம்பாக்கம்

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

அந்தப் பையை இன்று வெளியே எடுத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஈரமான ஒரு பஞ்சுக் கட்டி இருக்கும். அதற்குள் இரண்டு மூன்று தலைமுடி, சேலையிலிருந்து கழன்ற ஒரு ஜிகினா, சட்டைப் பையில் மறந்துபோன பஸ் டிக்கெட்டின் மிச்சம். மீதி எல்லாம் உங்கள் துணி. வலையின் கண் பெரிது என்பதால் பொடி இழைகளில் பெரும்பகுதி தப்பிவிடும். தப்பியது போகட்டும், பிடிபட்டதை என்ன செய்கிறோம்? பையைப் புரட்டிக் குழாயடியில் அலசி விடுகிறோம். மெஷின் பாடுபட்டுப் பிடித்தது அத்தனையும் ஒரு நொடியில் சாக்கடைக்குப் போய்விடுகிறது. நான் கேட்டுப் பார்த்த வீடுகள் எல்லாவற்றிலும் இதுதான் பழக்கம்.

அலசாதீர்கள். பையைக் கழற்றி வெயிலில் அரை நாள் காயவிடுங்கள். காய்ந்த பஞ்சு அப்பளம் போல ஒரே தகடாக உரிந்து வரும். அதை ஒரு காகிதத்தில் மடித்து மக்காத குப்பையோடு கொடுத்துவிடுங்கள். எருக்குழியில் போட வேண்டாம், பாலியஸ்டர் மக்காது. கொளுத்தவும் வேண்டாம், அந்தப் புகை உங்கள் வீட்டுக்குள்தான் வரும்.

வலை தப்பவிட்டதையும் பிடிக்க ஆசை இருந்தால் மெஷின் குழாயை நேராகச் சாக்கடையில் விடாமல் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் விடுங்கள். டிரம் வாயில் பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்துக் கட்டுங்கள். வங்கதேசத்தில் 65 கிராமங்களில் குளத்து நீரை இப்படி மடித்த சேலையில் வடிகட்டிக் குடிக்கவைத்ததில் காலரா 48 சதவீதம் குறைந்தது. 2003-ல் வெளியான ஆய்வு அது. பலமுறை துவைத்த பழைய சேலையை மடித்தால் அதன் கண் 20 மைக்ரான் அளவுக்குச் சுருங்குகிறது என்பதுதான் காரணம். இழை அதைவிட மெலிதாக இருந்தாலும் நீளமானது, குறுக்கே சிக்கிக்கொள்ளும். சோப்புத் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும் என்பதால் மேலே ஒரு கொசுவலைத் துண்டையும் போட்டுப் பெரிய பஞ்சை முதலில் பிடியுங்கள். குழாயின் வாயிலேயே துணியை இறுக்கிக் கட்டிவிடாதீர்கள், தண்ணீர் எதிர்த்து மெஷின் கெடும்.

டிரம்மில் இறங்கிய தண்ணீரை இரவு முழுக்க அசைக்காமல் விடுங்கள். பாலியஸ்டரும் பருத்தியும் நைலானும் தண்ணீரைவிடக் கனமானவை, ஒரு பகுதி அடியில் தங்கும். அடியிலிருந்து ஒரு சாண் மேலே குழாய் வைத்துத் தெளிந்ததை மட்டும் வாழைக்கோ உறிஞ்சுகுழிக்கோ திறந்துவிடுங்கள். அடிமண்டியை மாதம் ஒருமுறை மணலில் கொட்டிக் காயவைத்து, மேல் தகட்டை மட்டும் வழித்துக் குப்பையில் சேருங்கள்.

கேள்வி: உறிஞ்சுகுழி என்றதும் கேட்கிறேன். எங்கள் வீட்டில் தோண்டியது ஒரே மழைக்காலத்தில் அடைத்துக்கொண்டது. ஏன்?
— விவசாயி, சேலியமேடு

சோப்புப் பிசுக்கும் பஞ்சும் சேர்ந்து கல்லிடுக்கில் படிந்து ஒரு தோல் மாதிரி மூடிவிடும். தண்ணீர் நேராகக் குழிக்குள் விழக் கூடாது. முன்னால் ஒரு சிறு தொட்டி கட்டி, வலை வைத்து, வாரம் ஒருமுறை அள்ளினால் குழி வருடக்கணக்கில் உழைக்கும். 2021 ஆகஸ்டில் ‘சுஜலாம்’ என்று நாடெங்கும் லட்சக்கணக்கில் குழி தோண்டும் இயக்கம் நடந்தது. தோண்டியவர்கள் இந்த முன்தொட்டியையும் சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: புதுச்சேரி நகரத்தில் கழிவுநீர் நிலையங்கள் இருக்கின்றனவே, அவை இந்த இழையைப் பிடிக்காதா?
— ஓய்வுபெற்ற அரசு ஊழியர், ஒதியம்பட்டு

பிடிக்கும், நன்றாகவே பிடிக்கும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பக்கம் ஒரு நிலையத்தில் 2016-ல் அளந்தபோது நுண்பிளாஸ்டிக்கில் 98 சதவீதத்துக்கும் மேல் பிடிபட்டது. ஆனால் தப்பிய சொச்சமே ஒரு நாளைக்கு ஆறரைக் கோடி துகள்.

நகரத்துக்கு லாஸ்பேட்டை, கனகன் ஏரி, துப்ராயப்பேட்டை என்று நிலையங்கள் உண்டு. நம் கிராமங்களில் பெரும்பாலும் பாதாளச் சாக்கடையே கிடையாது. வீட்டுத் தண்ணீர் தெரு வாய்க்காலில் விழுந்து, குளத்திலோ ஏரியிலோ சங்கராபரணியிலோ போய்ச் சேருகிறது. ஆகவே இங்கே கொல்லைப்புறத்தில் பிடித்தால் உண்டு, விட்டால் இல்லை.

இன்னொன்று. நிலையத்தில் பிடிபட்ட இழை மறைந்துவிடுவதில்லை, சேற்றில் இருக்கிறது. அந்தச் சேற்றை எருவாகப் போட்ட வயலில் 15 வருடம் கழித்தும் செயற்கை இழைகள் கிடந்ததை அமெரிக்காவில் 2005-லேயே கண்டு எழுதினார்கள். ‘இயற்கை உரம்’ என்று யாராவது லாரியில் கழிவுநீர்ச் சேற்றைக் கொண்டுவந்து தந்தால், எந்த ஊர்ச் சேறு என்று கேளுங்கள்.

கேள்வி: மகன் திருப்பூர் சாயப்பட்டறையில் வேலை செய்கிறான். அங்கே தண்ணீரை முழுக்கச் சுத்தம் செய்கிறார்களாமே?
— தாய், மங்கலம்

செய்தே ஆக வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு. நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயத்தில் மூழ்கிய பிறகு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்பது நிபந்தனை. அதன்படி இயங்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் முதலில் சல்லடைத் திரையில் நூல் குப்பையை எடுக்கிறார்கள். பிறகு நுண்ணுயிர்த் தொட்டி, அதன்பின் மெல்லிய சவ்வுகள், ஆர்.ஓ., கடைசியில் மிஞ்சும் உப்புநீரைக் கொதிக்கவைத்து உப்பை எடுப்பது. தண்ணீரும் உப்பும் மறுபடி பட்டறைக்கே போகின்றன. ஆர்.ஓ. சவ்வை இழை தாண்டாது. இழை அங்கும் சேற்றில்தான் சேர்கிறது, அந்தச் சேற்றை எங்கே வைப்பது என்பது திருப்பூருக்குத் தீராத தலைவலி.

நம் பக்கம் நிலைமை வேறு. ஏ.எஃப்.டி. மில் 2020 ஏப்ரல் 30-ல் மூடப்பட்டது, சுதேசி, பாரதி மில்களும் ஓடவில்லை. வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் சைக்கிளில் மில்லுக்குப் போன தலைமுறை இன்று வீட்டில் இருக்கிறது. நெய்வது நின்றுவிட்டது, துவைப்பது நிற்கவில்லை. ஆலையைக் கைகாட்டிவிட்டு நாம் ஒதுங்க முடியாது.

கேள்வி: பருத்தி மட்டுமே உடுத்துகிறேன். எனக்குக் கவலை இல்லைதானே?
— கதர் பிரியர், வில்லியனூர்

கவலை குறைவு, இல்லாமல் இல்லை. ஆறு கடல் படுகைகளிலிருந்து அள்ளிய தண்ணீரில் கிடைத்த இழைகளை 2020-ல் சோதித்தபோது செயற்கை இழை 8.2 சதவீதம்தான், மிச்சமெல்லாம் பருத்தி போன்ற செல்லுலோஸும் கம்பளியும். சாயமும் பூச்சும் ஏறிய பருத்தி நாம் நினைக்கிற வேகத்தில் மக்குவதில்லை. ஆனாலும் பருத்தி ஒரு நாள் மக்கும். உங்கள் தேர்வு சரியானது, விடாதீர்கள்.

கேள்வி: இதைக் கண்ணால் பார்க்க வழி உண்டா? அறிவியல் கண்காட்சிக்கு வேண்டும்.
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, பாகூர்

உண்டு கண்ணு. சீருடை துவைத்த தண்ணீரில் ஒரு டம்ளரை ஃபில்டர் காகிதத்தில் வடிகட்டிக் காயவை. அறையை இருட்டாக்கி டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் நீலமும் காக்கியுமாகச் சுருண்ட நூல்கள் தெரியும். ஆசிரியரை வைத்துக்கொண்டு ஊசி முனையைச் சூடாக்கி ஒரு நூலின் அருகே கொண்டுபோ. உருகிச் சுருண்டால் செயற்கை, அசையாமல் இருந்து கருகினால் பருத்தி. ஆய்வுக்கூடங்களிலும் இந்தச் சூட்டு ஊசிச் சோதனையைச் செய்கிறார்கள். சோதனைக்கு வரும்போது பருத்தி உடுத்திக்கொள், இல்லாவிட்டால் உன் சட்டை நூலும் கணக்கில் சேர்ந்துவிடும்.

கேள்வி: நாங்கள் சாப்பிடுகிற மீனில் இது இருக்கிறதா?
— மீனவர், நரம்பை

மட்டியில் நுண்பிளாஸ்டிக் இருப்பதைப் புதுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களே கண்டிருக்கிறார்கள். புதுச்சேரியின் மூன்று முகத்துவாரங்களில் எடுத்த பச்சை ஆளியிலும் மட்டியிலும் பார்த்து 2020-ல் வெளியிட்டார்கள். குடலை எடுத்துவிட்டுச் சமைக்கும் மீனைவிட, முழுதாகச் சாப்பிடும் மட்டியில்தான் கவனம் வேண்டும்.

கேள்வி: குடிநீரில்?
— அதே மீனவர்

2017-ல் உலகெங்கும் குழாய்த் தண்ணீரைச் சோதித்தபோது டெல்லி மாதிரிகளில் 82 சதவீதத்தில் நுண்பிளாஸ்டிக் இருந்தது. அந்தச் சோதனையில் கிடைத்த துகள்களில் ஏறக்குறைய எல்லாமே இழைதான். இப்போதுள்ள அளவில் குடிநீர் வழியாக உடம்புக்குக் கேடு என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றது உலக சுகாதார நிறுவனம், 2019-ல். மேலும் ஆராய வேண்டும் என்பதையும் அழுத்திச் சொன்னது. பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

கேள்வி: கொதிக்கவைத்தால் போகுமா? எங்கள் போர் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது.
— குடும்பத் தலைவி, மதிக்கிருஷ்ணாபுரம்

அந்த வெள்ளைப் படிவே உங்களுக்குத் துணை. சீனாவில் 2024-ல் கடினநீரை 5 நிமிடம் கொதிக்கவைத்தபோது சுண்ணாம்பு பிரிந்து, பிளாஸ்டிக் நுண்துகள்களை உள்ளே சுருட்டிக்கொண்டு அடியில் படிந்தது. லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீரில் 90 சதவீதம் வரை நீங்கியது, மென்னீரில் கால்வாசிதான். அங்கே சோதித்தது துகள்களை, துணி இழையை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொதித்ததை ஆறவிட்டு, அடியைக் கலக்காமல் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள்.

கேள்வி: பாட்டி தேற்றாங்கொட்டையைப் பானையில் உரைப்பார். அதற்கு இதில் வேலை உண்டா?
— சித்த மருத்துவ மாணவர், திருக்காஞ்சி

வழி ஒன்றுதான். தேற்றாங்கொட்டை கலங்கலைத் திரட்டி அடியில் இறக்குகிறது. டெக்சஸின் டார்ல்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரஜனி சீனிவாசன் குழுவினர் வெண்டைக்காய்க் கொழகொழப்பையும் வெந்தயத்தையும் வைத்து நுண்பிளாஸ்டிக்கை இதே மாதிரி திரட்டியிருக்கிறார்கள். நிலத்தடி நீரில் வெந்தயம் 80 முதல் 90 சதவீதம் வரை எடுத்தது. தேற்றாங்கொட்டையை எடுத்து இழைக்குச் சோதித்துப் பார்க்கும் வேலையை நீங்களே ஆரம்பிக்கலாம்.

கேள்வி: வில்லியனூர் சுடுமண்ணுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. என் பானை இழையை வடிகட்டுமா?
— மண்பாண்டக் கலைஞர், வில்லியனூர்

சாதாரணப் பானை தண்ணீரைக் குளிர்விக்கும், வடிகட்டாது. ஆனால் களிமண்ணோடு பொடித்த உமியைப் பிசைந்து சுட்டால், உமி எரிந்துபோன இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளையாகும். அந்தத் துளை வழியாக மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் கசிந்து இறங்கும். கிருமிகளிலேயே பெரும்பகுதி நின்றுவிடும், அவற்றைவிடப் பலமடங்கு பெரிய இழை எங்கே போகும்? 1981-ல் குவாத்தமாலாவில் பெர்னாண்டோ மசாரியேகோஸ் உருவாக்கிய வடிகட்டிப் பானை இது. கம்போடியாவிலும் இதைச் செய்து விற்கிறார்கள். குடிநீருக்குத்தான் இது, துவைத்த தண்ணீரை ஊற்றினால் ஒரே நாளில் அடைத்துவிடும். உங்களிடம் சூளை இருக்கிறது, பாகூர் நெல்லின் உமி பக்கத்தில் இருக்கிறது. முதல் பானையைச் சுட்டதும் தண்ணீரைப் பரிசோதனைக் கூடத்தில் காட்டிவிட்டு விற்பனைக்கு வையுங்கள்.

கேள்வி: மெஷின் கம்பெனியே நல்ல வடிகட்டியோடு விற்றால் என்ன?
— எலக்ட்ரீஷியன், சேதராப்பட்டு

அதுதான் நியாயம். 2025 ஜனவரி 1 முதல் புது மெஷின் எல்லாவற்றிலும் நுண்ணிழை வடிகட்டி வேண்டும் என்று பிரான்ஸ் 2020-லேயே சட்டம் போட்டது, செயல்படுத்தும் விதிகள் வராமல் இழுத்துக்கொண்டு போகிறது. கலிபோர்னியாவில் சட்டசபை நிறைவேற்றியதை 2023 அக்டோபரில் ஆளுநர் கையெழுத்திடாமல் திருப்பினார். இந்தியாவில் அப்படிச் சட்டம் இல்லை. நமக்குப் பக்கத்துக் கொம்யூனான மண்ணாடிப்பட்டில், திருபுவனையில், வாஷிங் மெஷின் தயாராகிறது. இங்கேயே செய்யும் பொருளில் ஒரு நல்ல வடிகட்டியைக் கேட்பது பேராசை இல்லை.

கேள்வி: ஊரில் பத்து வீடு செய்து என்ன மாறும்?
— இளைஞர், குருவிநத்தம்

கனடாவில் பாரி சவுண்ட் என்ற சிற்றூரில் 97 வீடுகளின் மெஷினில் மட்டும் வெளி வடிகட்டி பொருத்தினார்கள். ஊரில் அது சுமார் பத்தில் ஒரு பங்கு. ஒரு வீட்டில் வாரத்துக்குச் சராசரியாக 6.4 கிராம் பஞ்சு பிடிபட்டது. சில கிராம்தானே என்று அலட்சியம் வேண்டாம், அதில் லட்சக்கணக்கான இழைகள். ஊர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் தண்ணீரிலேயே இழை கணிசமாகக் குறைந்தது. 2021-ல் வந்த ஆய்வு இது. பத்து வீட்டில் தொடங்குங்கள்.

கேள்வி: திருக்காஞ்சியில் தர்ப்பணம் முடித்து உடுத்திய துணியை ஆற்றில் விடுகிறார்கள். சொன்னால் கோபிக்கிறார்கள்.
— பக்தர், ஒதியம்பட்டு

கோபிப்பார்கள், பொறுமையாகச் சொல்லுங்கள். சங்கராபரணியில் விட்ட பாலியஸ்டர் வேட்டி வெயிலிலும் மணலிலும் உரசி அங்கேயே நூல் நூலாகப் பிரியும். மாசி மகத்துக்கு முன் கரையில் ஒரு துணித்தொட்டி வைக்கக் கோயில் நிர்வாகத்திடம் கேளுங்கள். பெரியவர்களுக்குச் செய்யும் கடனில் ஆற்றைக் காப்பதும் அடங்கும்.

கேள்வி: எங்கள் ஏரிக்கு ஊரின் வாய்க்கால் அப்படியே வந்து விழுகிறது. யாரிடம், என்ன கேட்பது?
— ஏரிச் சங்க உறுப்பினர், பாகூர்

புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளில் ஊசுட்டேரிக்கு அடுத்துப் பெரியது உங்களுடையது. ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு ஏரிகளைத் தூர்வாரிச் சங்கங்கள் அமைத்த காலத்தில் மண் படிவதைப் பற்றி யோசித்தார்கள், இழை அப்போது யார் பேச்சிலும் இல்லை. இப்போது கேட்க வேண்டியது மூன்று. வாய்க்கால் ஏரியில் சேரும் வாயில் ஒரு படிவுத் தொட்டி. அதை அடுத்து நாணலும் கல்வாழையும் நட்ட ஒரு சரளைப் படுகை. பக்கத்து ஆரோவில்லில் கழிவுநீரை இப்படித்தான் மின்சாரம் அதிகம் செலவில்லாமல் தெளியவைக்கிறார்கள். அள்ளிய சேற்றைக் கரையிலேயே கொட்டாமல் அப்புறப்படுத்த ஒரு ஏற்பாடு. மூன்றில் ஏதாவது ஒன்றுதான் கிடைக்கும் என்றால் கடைசியைக் கேளுங்கள். கரையில் கொட்டிய சேறு அடுத்த மழையில் ஏரிக்கே திரும்பும்.

2006-ல் தேர்ந்தெடுத்தவர்களின் காலம் 2011-ல் முடிந்தபின் கொம்யூன்களை நடத்துவது ஆணையர்கள்தான். ஆகவே மனு ஆணையர் பெயருக்குப் போகட்டும், ஒரு நகல் பொதுப்பணித் துறையின் நீர்ப்பாசனப் பிரிவுக்கு. சங்கத்தின் தீர்மானத்தோடு, வாய்க்கால் வாயின் புகைப்படத்தோடு கொடுங்கள். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் தொட்டி கட்ட முடியாது. ஆவணிக்குள் மனு அலுவலகத்தில் இருக்க வேண்டும்.